சிவப்பு வண்டிக்கு நல்ல தண்ணி

அவர் கதிரையில் முழுதாக இருந்து நான் பார்த்தது ஒரே ஒரு தரம்தான். மற்ற நேரமெல்லாம் கதிரை நுனியில் பாதி ஆள்தான் இருப்பார். மீதிப் பாதி ஏற்கனவே எழும்பிப் போயிருக்கும். தேத்தண்ணி கொடுத்தால் நின்றபடியே ஊதி ஊதிக் குடிப்பார்.

"இருந்து குடிங்க நானா" என்று உம்மா சொல்லுவா.

"இருந்தா பிறகு எழும்பணுமே" என்பார்.

எங்கள் ஒழுங்கையில், அந்த ஒடுக்கமான சந்தில், அவருக்குப் பெயர் ஃபயர் நானா. நானா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன். உள்ளூர்ச் சபையின் தீயணைப்பு வண்டிக்கு அவர்தான் டிரைவர். எந்தச் சபை என்று சொல்லமாட்டேன். புத்தளம் பக்கத்தில் சபைகளுக்கும் குறைவில்லை, ரோசத்துக்கும் குறைவில்லை. அவரும் எங்களைப் போலத் தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து வந்தவர்தான். யுத்தம் முடிந்த பிறகு ஒழுங்கையில் பாதிப்பேர் அங்கே ஒரு கால், இங்கே ஒரு கால் என்று அலைந்துகொண்டிருந்தார்கள். காணி துப்புரவாக்க மன்னாருக்குப் போவார்கள். பள்ளிக்கூடம் தொடங்கினால் இங்கே எங்கள் தில்லையடிக்குத் திரும்பி வருவார்கள். அவர் மட்டும் எங்கும் போகவில்லை. ஆனால் எந்த நிமிஷமும் போகப்போகிறவர் மாதிரியே நிற்பார்.

பள்ளிவாசலில் செருப்பைக் கழற்றினால் ரோட்டைப் பார்த்துத் திருப்பி வைப்பார். அதோடு விட்டாலும் பரவாயில்லை. பக்கத்தில் கிடக்கிற செருப்புகளையும் திருப்பி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வரும்போதே வாப்பாவுக்குச் சிரிப்பாக இருக்கும். "இண்டைக்கும் செருப்பெல்லாம் ரோட்டப் பாத்து நிண்டிச்சு. ஆள் வந்திருக்கிறாரு" என்பார்.

கலியாண வீடுகளில் அவரோடு சகனில் சேர ஆள் கிடைக்காது. ஆறு பேர் ஒரே தட்டைச் சுற்றி இருந்து சாப்பிடுகிறபோது ஒருவர் மட்டும் வாசலைப் பார்த்தபடி ஒரு முழங்காலை நிறுத்தி வைத்திருந்தால், மற்ற ஐந்து பேருக்கும் சோறு எப்படி இறங்கும்? போன் அடித்தால் போதும், கையைக்கூடக் கழுவாமல் ஓடுவார். பாதிநேரம் அது யாரோ கறிவேப்பிலை வாங்கிவரச் சொன்ன போனாக இருக்கும்.

அவர் வந்துபோனால் எனக்கு உள்ளுக்குள் ஒரு பதற்றம் இருக்கும். புதிதாக வீடு கட்டியவர்கள் கூப்பிட்டு மாபிள் தரையைக் காட்டுவார்கள். அவர் கூரையைப் பார்ப்பார், காஸ் சிலிண்டரைப் பார்ப்பார், பிறகு "பின் கதவு எங்க?" என்று கேட்பார். வீட்டைக் கண்டால் அது எப்படி எரியும் என்பதுதான் அவருக்கு முதலில் தெரியும். வீட்டுக்காரர்களின் முகம் போகிற போக்கைப் பார்க்கவேண்டும்.

டிரைவராக வருவதற்கு முன்பு அவர் வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் தீயணைப்பு வேலை செய்திருந்தார். அதைப் பற்றிக் கேட்கவே தேவையில்லை. உம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாலும் பக்கத்தில் நின்று சொல்லுவார்.

"அங்க ஒவ்வொரு நெருப்புக்கும் ஒரு வண்டி மகள். வீடு, கடை எண்டா பம்ப் வண்டி. தானே தண்ணி கொண்டு வந்து தானே அடிக்கும். மாடி எண்டா ஏணி வண்டி. அது ஆள இறக்கத்தான், அதில தண்ணிய நம்பக்கூடாது. எண்ணெய்க்கும் பிளேனுக்கும் நுரை வண்டி. அது நிண்டு மினக்கெடாது, ஓடிக்கொண்டே அடிக்கும். வாகனம் மோதி ஆள் உள்ளுக்க இறுகினா, வெட்டுற சாமான் வண்டி ஒண்டு வரும். அதில தண்ணியே இல்ல. காட்டுக்கும் மணலுக்கும் சின்ன வண்டி, நாலு சில்லும் இழுக்கும். இவ்வளவுக்கும் பின்னால பவுசர் வரும். அது நெருப்புக்குக் கிட்டப் போகாது. தள்ளி நிண்டு மத்த வண்டிக்கெல்லாம் தண்ணி குடுக்கும்."

"அப்ப இங்க?"

"இங்க எல்லாத்துக்கும் எங்கட ஜப்பான்காரிதான்" என்று சிரிப்பார்.

ஜப்பான்காரி என்றது சபையின் வண்டியை. யாரோ பாவித்து முடித்து நன்கொடையாகக் கொடுத்த சிவப்பு வண்டி. கதவில் ஜப்பான் எழுத்து அழியாமல் இருந்தது. அது ஒரு பம்ப் வண்டி. ஏணி வண்டியும் நுரை வண்டியும் அவருடைய கதையில்தான் ஓடின. ரோட்டில் போகும்போது கைகாட்டிக்கொண்டே போவார். இந்த ஹோட்டலுக்கு ஏணி வண்டி வேணும், அந்த எண்ணெய் மில்லுக்கு நுரை வண்டி வேணும், கல்பிட்டி மணலுக்குச் சின்ன வண்டி வேணும் என்று, இல்லாத வண்டிகளை ஊர் முழுக்க நிறுத்திக்கொண்டு போவார்.

இப்போது நான் கொழும்பில் ஒரு மாடி வீட்டில் இருக்கிறேன். வீடு பார்க்கப் போன அன்று என் கணவர் தண்ணியும் கரண்டும் விசாரித்தார். நான் ஜன்னலால் எட்டி, கீழே ஏணி வண்டி நிற்க இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். இது அவர் எனக்குச் செய்துவிட்டுப் போன வேலை.

ஆட்களுக்கும் அவர் வண்டி வைத்திருந்தார். என் சாச்சி, உம்மாவின் தங்கச்சி, ஒழுங்கையின் கடைசி வீட்டில் இருந்தா. சாச்சிக்குக் கோபம் மூக்கு நுனியில். "உங்கட சாச்சிக்கு நுரை வண்டிதான் சரி. தண்ணி ஊத்தினா இன்னும் பரவும்" என்று ஒருநாள் அவர் சொன்னது சாச்சியின் காதில் விழுந்து, அவ தும்புத்தடியோடு வந்துவிட்டா.

"அப்ப நான்?" என்று கேட்டேன்.

"நீ தேங்காய்த் தும்பு மூட்டை. வெளிய பாத்தா ஒண்டும் தெரியாது. உள்ளுக்குள்ள நாள்கணக்கில கணகணத்துக்கொண்டிருக்கும்."

எனக்கு அப்போது பேசியிருந்த கலியாணம் ஒன்று முறிந்திருந்தது. வீட்டில் ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கமாட்டார்கள், நானும் கதைக்கமாட்டேன். அவர் சொன்னதும் கோபம் வந்தது. கண்ணும் கலங்கியது. அதை மறைக்கத்தான் கேட்டேன், "நீங்க என்ன வண்டியாம்?"

"நான் பவுசர்" என்றார். அதற்குள் படலையைத் தாண்டிவிட்டார்.

ஒழுங்கைதான் அவருக்கும் எங்களுக்கும் ஓயாத சண்டை. வண்டியின் அகலம் அவருடைய இரண்டு கையும் விரித்த அளவோடு இன்னும் கொஞ்சம். ஆகவே நேரம் கிடைத்தால் கையை விரித்துக்கொண்டு ஒழுங்கையில் நடப்பார். சின்னப் பிள்ளைகள் பின்னால் அதேபோலக் கையை விரித்துக்கொண்டு போகும். கை முட்டுகிற வேலிக்காரர் தொலைந்தார். வாப்பா சண்டைக்கு அஞ்சி எங்கள் வேலியை உள்ளே இழுத்தார். ஒரு மாப்பிள்ளை வீட்டில் போட்ட வளைவைக் கலியாணத்தன்றே ஃபயர் நானா கழற்றவைத்தார். வண்டி முட்டுமாம். மாப்பிள்ளையின் உம்மா அழுதே விட்டா.

சாச்சி புதிதாகக் குசினி ஒன்று இறக்கினா. தென்னோலைக் கிடுகுக் கூரை, கம்பு நாலும் ஒழுங்கைக்குள்.

"தங்கச்சி, இது இழுக்கணும். கூரைக்குத் தகரம் போடணும்."

"தகரம் போட்டா வெக்கையில நாங்கதான் வேகணும். நீங்க வந்து சமைப்பீங்களா?"

"கச்சான் காத்துக்கு ஒரு பொறி காணும். வண்டி உள்ளுக்கு வரணுமே."

"எங்கட ஒழுங்கைக்கு நெருப்பக் கூப்பிடாதீங்க நானா. நாங்க ஒருக்கா எல்லாம் விட்டுட்டு வந்தது போதும்."

அவர் திரும்பிப் போய்விட்டார். ஆனால் அடுத்த நாளும் வந்து நின்றார், அதற்கடுத்த நாளும் வந்து நின்றார். கடைசியில் தொல்லை தாங்காமல் சாச்சி கம்புகளை உள்ளே இழுத்தா. கூரை மட்டும் கிடுகாகவே இருந்தது. ஊரைவிட்டு எல்லாரும்தான் அவசரமாக வந்தோம். வந்த இடத்தில் நாங்கள் பிறகு உட்கார்ந்துவிட்டோம், அவரால் முடியவில்லை. அன்றைக்கு எனக்கு இது விளங்கவில்லை, எரிச்சல்தான் வந்தது.

அந்த வருடம் மழை ஏமாற்றியது. எங்கள் பக்கத்துக் கிணறுகளில் உப்புத் தண்ணிதான். கழுவலாம், குளிக்கலாம், குடிக்க முடியாது. குடிக்கிற நல்ல தண்ணி சபையின் பவுசரில் வரவேண்டும். அது வருவதாகச் சொல்வார்கள், வராது. ஒழுங்கை முனையில் இருக்கிற வெட்டவெளியில் பிளாஸ்டிக் கேன்கள் விடிந்ததிலிருந்து வரிசையில் நிற்கும். ஆட்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள், கேன்கள் மட்டும் வெயிலில் நிற்கும்.

அந்த நேரம் பார்த்துக் களப்போரத்தில், அந்த உப்பேரிக் கரையில், ஒரு தும்பு மில் பற்றிக்கொண்டது. தும்பு நெருப்பு அணைந்ததுபோலக் கிடந்து மறுபடி எழும்பும். கிளறிக் கிளறித்தான் நனைக்க வேண்டும். வண்டித் தாங்கியில் இருந்த தண்ணி முடிந்ததும் அவர் குழாயைக் களப்புக்குள் இறக்கி, உப்புத் தண்ணியை இழுத்து அடித்திருக்கிறார். மில்லின் பாதியைக் காப்பாற்றிவிட்டு வந்தபோது முகம் கரியாகக் கிடந்தது.

உப்புத் தண்ணி போன பம்பை உடனே நல்ல தண்ணியால் கழுவிவிட வேண்டும். இது அவர் எப்போதும் செய்கிற வேலை. வருகிற வழியில் எங்கேயோ கெஞ்சித் தாங்கியில் நல்ல தண்ணி நிரப்பிக்கொண்டு, வழக்கம்போல எங்கள் வெளியில் கொண்டுவந்து நிறுத்தினார். ரோட்டைப் பார்த்துத்தான் நிறுத்தினார். பக்கத்தில் வெறும் கேன்கள் வரிசையாக நின்றதை அவர் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் வேறு இடத்துக்குப் போயிருப்பார்.

சாச்சிதான் முதலில் வந்தா. நாங்களும் பின்னால் போனோம்.

"நானா, உள்ளுக்கு என்ன தண்ணி?"

"நல்ல தண்ணி. பம்பக் கழுவ."

"இரும்புக்கு நல்ல தண்ணியா?"

"கழுவாட்டி உப்புப் பிடிச்சு இறுகிடும் தங்கச்சி. பிறகு நெருப்புக்குப் போய் நிண்டா தண்ணி வராது."

"எங்க நெருப்பு? காட்டுங்க பாப்பம். என்ட மகள் பிள்ளை பெத்துக் கிடக்கிறா. வாய நனைக்கத் தண்ணி இல்ல, பால் சுரக்குதில்ல. மாப் பால் கரைக்கவும் வழியில்ல. நீங்க இரும்பக் கழுவுங்க, நாங்க நிண்டு பாக்கிறம்."

சாச்சி வண்டியின் முன்னால் போய் நின்றா. மற்றவர்களும் நின்றார்கள். நானும் கேனோடுதான் நின்றேன். அவர் வண்டியைச் சுற்றி நடந்தார். மறுபடி சுற்றினார். பம்பின் பக்கம் வந்து கையை வைப்பார், கேன்களைப் பார்ப்பார், மறுபடி நடப்பார். காலில் சுடுதண்ணி ஊற்றியவர் மாதிரி அவர் அலைந்ததைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, தண்ணி கிடைக்குமா என்று ஆவலாகவும் இருந்தது.

"கேனக் கொண்டாங்க" என்றார்.

மேலே ஏறித் தாங்கி மூடியைத் திறந்து, வாளியால் அள்ளி, ஒவ்வொரு கேனாக அவரே நிரப்பினார். நிலத்தில் ஒரு சொட்டு விழவில்லை. கடைசியில் அடியில் மிஞ்சிய கொஞ்சத்தை வைத்துப் பம்பை ஓடவிட்டார். அது இருமி இருமி நின்றுவிட்டது. "இந்தத் தண்ணி காணாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அன்று பின்னேரம் எல்லா வீட்டிலும் தேத்தண்ணி கொதித்தது. சாச்சியின் பேரப்பிள்ளை குடித்துவிட்டுத் தூங்கியது. அவர் சபைக்குப் போய்ப் பம்புக்குத் தண்ணி கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த கிழமை பார்ப்போம் என்றார்களாம்.

அந்த அடுத்த கிழமையும் ஒருவழியாக வந்தது. தாங்கி நிரப்பிக் கொடுத்தார்கள். மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு, கழுவுவதற்காக வண்டியை வெளிக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார். கச்சான் காற்று மணலை வாரி அடித்துக்கொண்டிருந்தது. சாச்சியின் குசினி அடுப்பிலிருந்து சிரட்டைப் பொறி ஒன்று கிடுகில் ஏறியது.

நாங்கள் கத்திக்கொண்டு ஓடினோம். சாச்சியின் மகளையும் பிள்ளையையும் இழுத்து வெளியே எடுத்தோம். அதற்குள் வண்டி ஒழுங்கைக்குள் வந்துவிட்டது. ஒரு வேலியிலும் முட்டவில்லை, ஒரு இடத்திலும் பின்னுக்கு எடுக்கவில்லை. அந்த நேரத்திலும் அதை நான் கவனித்தேன். அவர் குதித்து இறங்கிப் பம்பைப் போட்டார். எஞ்சின் இரைந்தது. குழாய் படுத்த படுக்கையாகக் கிடந்தது.

மறுபடி போட்டார். ஸ்பனரால் அடித்தார். தாங்கி நிறையத் தண்ணி, ஆனால் வெளியே வர வழி இறுகிக் கிடந்தது. குசினி விழுந்து நெருப்பு வீட்டுக் கூரைக்குத் தாவியது. சாச்சி வண்டியைப் பார்த்தபடி வாய் திறக்காமல் நின்றா. சாச்சி கத்தாமல் நின்றதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அவர் வண்டியின் மேலே பாய்ந்து ஏறினார். மூடியைத் திறந்தார். "கேன்! கேனக் கொண்டாங்க! வாளி, சட்டி, எல்லாத்தையும் கொண்டாங்க!"

கொண்டுவந்தோம். அதே கேன்கள். அவர் அள்ளிக் கொடுக்கக் கொடுக்கக் கைமாற்றி ஊற்றினோம். சாச்சியின் குசினியும் கூரையும் போய்விட்டன. பக்கத்து வீடுகளைப் பிடித்து நிறுத்தினோம். ஒருவருக்கும் காயமில்லை, அல்ஹம்துலில்லாஹ். அன்றைக்கு அந்தச் சிவப்பு வண்டி ஒரு பவுசராகத்தான் நின்றது. எல்லாம் முடிந்த பிறகு அவர் இறங்கிவந்து, எரிந்த வீட்டைப் பார்க்காமல், பம்பின் முன்னால் குந்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சில நாள் கழித்துச் சபையிலிருந்து ஒரு பெரியவர் விசாரிக்க வந்தார். அவர் சிங்களவர், தமிழும் கதைப்பார். எங்கள் வீட்டு முற்றத்தில் கதிரை போட்டோம். ஒழுங்கை முழுக்கச் சுற்றி நின்றது. வேலை போகப்போகிறது என்று ஏற்கனவே கதை அடிபட்டிருந்தது.

"டிரைவர், ஏன் பம்ப் வேலை செய்யல்ல?"

"உப்பு இறுகிட்டுது மாத்தயா."

"ஏன் கழுவல்ல? தண்ணி கொண்டு போனதுதானே?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "மறந்துட்டன்."

யார், இவரா மறந்தது? அடுத்தவன் செருப்பைக்கூடத் திருப்பி வைக்க மறக்காத மனுஷன்.

"மறக்கிற ஆள் இந்த வேலைக்குச் சரிவராது" என்றார் வந்தவர்.

"பொய் சொல்றாரு மாத்தயா" என்று சத்தம் வந்தது. சாச்சிதான். எரிந்த வீட்டைக் கிளறிக்கொண்டிருந்த கரிக் கையோடு முன்னால் வந்தா. "அவரு மறக்கல்ல. நான்தான் வண்டிய மறிச்ச. தண்ணிய நாங்க எல்லாரும் குடிச்ச. என்ட பேரப்பிள்ளை குடிச்ச. வண்டிக்கு வச்ச தண்ணிய நாங்க குடிச்சம் எண்டா, எங்களுக்கு வச்ச தண்ணி எங்க போன? அதையும் விசாரிச்சிட்டுப் போங்க!"

வந்தவர் எங்கள் முகங்களைப் பார்த்தார். ஒருவரும் தலையைத் திருப்பவில்லை. தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார். ஃபயர் நானாவின் வேலை போகவில்லை. பவுசரும் அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் ஒழுங்காக வந்தது.

"ஏன் சொன்ன தங்கச்சி?" என்று பிறகு ஃபயர் நானா கேட்டார்.

"எரிஞ்சது என்ட குசினி. உங்கட இல்ல. நான் சொல்லுவன்."

பம்பைத் திருத்திக்கொண்டு வந்து அதிக நாளாகவில்லை, கல்பிட்டிப் பக்கம் மீன்பிடிப் படகுகள் வைக்கிற ஓலை வாடி ஒன்று எரிந்தது. மறுபடியும் களப்புத் தண்ணிதான். திரும்பி வந்து வெளியில் வண்டியை நிறுத்தியபோது தாங்கி வெறுமையாக இருந்தது. இந்த முறை நல்ல தண்ணி வழியில் எங்கும் கிடைக்கவில்லையாம். அவர் வண்டியைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்.

சாச்சி இடுப்பில் கேனோடு வந்தா. அன்று காலை பவுசரில் பிடித்த தண்ணி. வண்டிக்குப் பக்கத்தில் டொக்கென்று வைத்தா. பின்னால் உம்மா ஒன்று கொண்டுவந்தா. நான் ஒன்று. பிறகு ஒழுங்கை முழுக்க வந்தது. வேலி இழுத்தவர்கள், இழுக்காமல் சண்டை பிடித்தவர்கள், வளைவு கழற்றிய மாப்பிள்ளையின் உம்மா எல்லாரும்.

அவர் கேன்களைக் கையால் மறித்தார். "வேணாம், குடிக்க வச்சிக்கொள்ளுங்க. நான் சபையில கேட்டு..."

"பேசாமக் கழுவுங்க" என்றா சாச்சி. "இல்லாட்டி நான் பத்திருவன். உங்களிட்ட நுரை வண்டியும் இல்ல."

கழுவினார். முதலில் வெள்ளையாக, கலங்கலாக வந்தது. பிறகு தெளிந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். இன்னொரு கேனை ஊற்றச் சொன்னார். மறுபடி நாக்கில் வைத்தார். தலையாட்டினார்.

உம்மா வீட்டிலிருந்து கதிரையையும் தேத்தண்ணியையும் கொண்டுவந்தா. அவர் கதிரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். கதிரையை எடுத்து ரோட்டைப் பார்க்கத் திருப்பிப் போட்டார். பிறகு அதில் இருந்தார். முதுகு சாய, காலை நீட்டி, முழுதாக இருந்தார்.

தேத்தண்ணி முடியும்வரை அவர் எழும்பவேயில்லை.